ஊருக்கு ஒரு பொதுப் பெட்டகம்: பழைய கணனியில் சிறு வழங்கி அமைக்கும் முறை

இடம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றிடமும் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு ஆகியன அதனுள் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வந்தவர்களும், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம் மாறி மாறி ஓடியவர்களும் முதலில் கையில் எடுத்தது அந்தப் பையைத்தான்.

ஆனால் பைக்குள் அடங்காத செல்வம் ஒன்று உண்டு. எந்தக் கிணறு வைகாசியில் உவர்க்கும், எந்த வயலில் எந்த நெல் தாக்குப்பிடிக்கும், எந்தத் துண்டுக் காணிக்கு என்ன பெயர், வாய்க்கால் முன்பு எவ்வழியே ஓடியது என்பன போன்ற அறிவுதான் அது. அது முதியவர்களின் நினைவிலும், இரண்டொரு கிழிந்த கொப்பிகளிலும் மட்டுமே இருந்தது. முதியவர் மறைந்தபோது, அல்லது கொப்பி மழையில் நனைந்தபோது, அதுவும் போய்விட்டது.

மிஞ்சியிருப்பதையாவது ஓரிடத்தில் சேர்த்து, ஊரவர் அனைவரும் தத்தம் கைத்தொலைபேசியிலேயே வாசிக்கும்படி செய்ய முடியுமா? முடியும். அதற்குப் புதிய கணனி வேண்டியதில்லை. மாதாமாதம் இணையக் கட்டணமும் வேண்டியதில்லை. யாரோ ஒதுக்கிவிட்ட கணனி ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மென்பொருள்களும் போதும். அதன் முறையை இங்கு படிப்படியாக விளக்குகிறோம். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருவர் அருகில் இருந்தால் இரண்டு மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

வழங்கி என்றால் என்ன?

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, உங்கள் தொலைபேசி எங்கோ உள்ள ஒரு கணனியிடம் “இந்தத் தாளைத் தா” என்று கேட்கிறது. அந்தக் கணனியில் ஓயாது காத்திருக்கும் ஒரு மென்பொருள், கேட்ட தாளை எடுத்துக் கொடுக்கிறது. இந்த மென்பொருளையே வெப் சேர்வர் என்கிறார்கள். நாம் அதை வழங்கி என்போம். வாசிகசாலையில் மேசையருகே இருந்து, கேட்கும் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்துத் தருபவரைப் போன்றது அது.

உலகின் முதலாவது வழங்கியை 1990 ஆம் ஆண்டின் இறுதியில் சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்னேர்ஸ் லீ என்பவர் இயக்கினார். அவரது மேசைமீதிருந்த ஒரே கணனிதான் அன்று உலக வழங்கி. இதை நிறுத்திவிடாதீர்கள் என்று அதன்மீது சிவப்பு மையில் ஒரு துண்டு ஒட்டப்பட்டிருந்தது. 1993 ஏப்ரல் 30 ஆம் திகதி சேர்ன் நிலையம் இந்த முறையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்குக் கொடுத்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கேட்கும் தொலைபேசியும் கொடுக்கும் கணனியும் ஒரே மண்டபத்தில் இருந்தால், இடையில் இணையம் தேவையே இல்லை. சிறிய வைபை ரவுற்றர் ஒன்று இரண்டையும் இணைத்துவிடும். இணைப்பு அறுந்த நாளிலும், தொலைபேசியில் காசு முடிந்த நாளிலும் அது வேலை செய்யும்.

இடம்பெயர்வுக்கும் வழங்கிக்கும் நம் நாட்டிலேயே ஒரு தொடர்பு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபின், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிவு செய்ய இலங்கையின் கணனி வல்லுநர்கள் தொண்டராகக் கூடி ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சகன. சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். அதுவும் ஒரு வழங்கியில் ஏற்றப்பட்டு இயங்குவதே. பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்காக வழங்கும் தனது 2006 ஆம் ஆண்டுக்கான விருதை அதற்கு அளித்தது.

ஏன் சிறிய வழங்கி?

வழங்கி மென்பொருள்களில் பல வகை உண்டு. 1995 இல் வெளிவந்த அப்பாச்சி நீண்டகாலம் முன்னணியில் இருந்தது. அதன் பழைய முறைப்படி, கேட்டு வருபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆளை ஒதுக்குவது போலக் கணனியின் நினைவகம் செலவாகும். திருவிழாப் பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் ஒவ்வொரு பரிமாறுபவரை நிறுத்தினால் மண்டபம் கொள்ளாது அல்லவா? கெட்டிக்காரர் ஒருவர் வாளியுடன் வரிசை நெடுகச் சென்று, எந்த இலை வெறுமையோ அதை மட்டும் கவனித்தால் ஒருவரே பலரைப் பார்த்துக்கொள்வார்.

இந்த இரண்டாவது முறையில் எழுதப்பட்டதே லைற்றி எனப்படும் சிறு வழங்கி. 2003 இல் ஜேர்மனியரான ஜான் நெஸ்கே இதைத் தொடக்கினார். ஒரே வேளையில் பத்தாயிரம் பேர் கேட்டு வந்தாலும் ஒரு வழங்கி தாங்குமா என்ற கேள்வி அப்போது கணனியாளரிடையே பேசப்பட்டது. அதற்கு விடைகாணும் முயற்சியாகவே இது பிறந்தது. நமக்குப் பத்தாயிரம் பேர் வரப்போவதில்லை. ஆனால் அதே சிக்கனம், பத்து வருடப் பழைய கணனியில் நமக்கு உதவுகிறது. தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தை விடப் பெரிய இடத்தை இந்த மென்பொருள் பிடிப்பதில்லை.

தேவையானவை

1. பழைய கணனி அல்லது மடிக்கணனி ஒன்று. நினைவகம் 2 ஜீபி இருந்தால் போதும். 4 ஜீபி நல்லது. வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை அதன் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்தியதால், வேலை செய்யும் கணனிகள் பலவற்றை அலுவலகங்கள் ஒதுக்குகின்றன. கேட்டுப் பெறலாம். மடிக்கணனியே சிறந்தது. மின்சாரம் நின்றாலும் அதன் பற்றரி சிறிது நேரம் தாங்கும், மின்செலவும் குறைவு.

2. வைபை ரவுற்றர் ஒன்று. பழைய இணைப்பொன்றிலிருந்து கழற்றி வைத்ததும் போதும். அதில் இணைய இணைப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. கணனியையும் ரவுற்றரையும் இணைக்க ஒரு வலையமைப்புக் கம்பி வேண்டும்.

3. 8 ஜீபி அளவுள்ள பென் டிறைவ்கள் மூன்று. ஒன்று நிறுவுவதற்கு, மற்ற இரண்டும் பிரதி வைப்பதற்கு.

4. ஒருமுறை மாத்திரம் இணையம். நகரத்தில் உள்ள ஒருவரிடம் லினக்ஸ் மின்ற் என்ற இயங்குதளத்தைப் பதிவிறக்கி, பென் டிறைவில் எழுதித் தரும்படி கேளுங்கள். அது ஏறக்குறைய 3 ஜீபி அளவுடையது.

லினக்ஸ் என்பது 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோவல்ட்ஸ் தொடக்கி, உலகெங்கும் உள்ள பலர் சேர்ந்து வளர்த்த இயங்குதளம். அதன் உள்ளமைப்பு எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் திறந்தே உள்ளது. ஆகவே பிரதி எடுப்பது களவாகாது, அனுமதிக்கப்பட்ட செயலே. லினக்ஸ் மின்ற் அதில் ஒரு வகை. வின்டோஸ் பழகியவர்களுக்கு இலகுவானது.

செய்முறை

1. முதலில், பழைய கணனியில் யாருடைய படமோ கடிதமோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேறிடத்தில் பிரதி செய்யுங்கள். நிறுவும்போது எல்லாம் அழிந்துவிடும்.

2. பென் டிறைவைச் செருகிக் கணனியை இயக்குங்கள். தொடங்கும்போது எப் 12, எப் 9, எஸ்கேப் ஆகியவற்றுள் ஒரு விசை, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலைத் தரும். கணனிக்குக் கணனி இது மாறும். பென் டிறைவைத் தெரிந்தால் லினக்ஸ் திரை தோன்றும். இந்த நிலையில் எதுவும் அழிவதில்லை. திரை, விசைப்பலகை, வைபை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

3. சரியென்றால் மேசையிலுள்ள நிறுவும் படத்தை இருமுறை சொடுக்குங்கள். கேட்கும் கேள்விகளுக்கு விடை கொடுங்கள். இரகசியச் சொல் ஒன்றைக் கேட்கும். அதை ஒரு தாளில் எழுதி, மண்டபப் பொறுப்பாளர் இருவரிடம் கொடுத்து வையுங்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் ஊர் மாறும்போது கணனி பூட்டிய பெட்டியாகிவிடும்.

4. நிறுவி முடிந்ததும், கைத்தொலைபேசியின் இணையத்தைக் கம்பி வழியாகக் கணனிக்குக் கொடுங்கள். பட்டியலில் சினப்ரிக் என்ற பொதி முகாமையாளரைத் திறவுங்கள். ‘ரீலோட்’ என்பதை அழுத்திப் பட்டியலைப் புதுப்பியுங்கள். பின் தேடும் இடத்தில் எல், ஐ, ஜீ, எச், ரீ, ரீ, பீ, டீ என்ற எட்டு ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில் இடைவெளியின்றி அடியுங்கள். லைற்றியின் முழுப்பெயர் அதுதான். அதே பெயருள்ள வரியைத் தெரிந்து, நிறுவும்படி குறித்து, ‘அப்ளை’ என்பதை அழுத்துங்கள். ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதன்பின் இணையம் தேவையில்லை.

5. சோதித்துப் பாருங்கள். அதே கணனியின் உலாவியில், முகவரி எழுதும் இடத்தில் 127.0.0.1 என்று அடியுங்கள். “என்னிடமே கேள்” என்று கணனிக்குச் சொல்லும் முகவரி அது. லைற்றியின் அறிமுகப் பக்கம் தோன்றினால் உங்கள் வழங்கி உயிர் பெற்றுவிட்டது. இனிக் கணனியை இயக்கும்போதெல்லாம் அதுவும் தானாக எழும்பும்.

6. இப்போது அலுமாரியைக் கண்டுபிடிப்போம். கணனியின் அடிக் கோப்புறையில் ‘வார்’ என்பதனுள், மூன்று டபிள்யூ எழுத்துகளாலான கோப்புறை உண்டு. அதனுள் ‘எச்ரீஎம்எல்’ என்ற கோப்புறை உண்டு. அதனுள் நீங்கள் வைப்பதை மட்டுமே வழங்கி எடுத்துக் கொடுக்கும். கணனியின் வேறெந்த இடத்தையும் அது வெளியே காட்டாது. இந்தக் கோப்புறையில் எழுத அனுமதி வேண்டும். வெற்றிடத்தில் வலப்புறம் சொடுக்கி, ‘ரூற்’ ஆகத் திறக்கும் தெரிவை எடுத்து, இரகசியச் சொல்லைக் கொடுங்கள்.

7. முன்பக்கத்தை லிபறே ஒபிஸ் எழுதியிலேயே எழுதலாம். அது மின்றுடன் சேர்ந்தே வருகிறது. ஊரின் பெயர், உள்ளே என்னென்ன உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு இணைப்பு என்று சுருக்கமாக எழுதி, எச்ரீஎம்எல் வகையில் ‘இன்டெக்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரில் சேமித்து அலுமாரியில் வையுங்கள். வருபவருக்கு முதலில் இந்தப் பக்கமே காட்டப்படும். நீண்ட கட்டுரைகளைப் பீடீஎப் ஆக வைத்தால் போதும்.

கோப்புகளின் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறானவை.

பாமினியில் அடித்தவை

நம்மிடையே பழைய அறிக்கைகள், துண்டுப்பிரசுரங்கள் பல பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அவற்றை அப்படியே பக்கமாக வைத்தால், தொலைபேசியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே தெரியும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதே காரணம். அவற்றை யூனிகோட் முறைக்கு மாற்றி வையுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இயலாவிட்டால், பாமினி உள்ள கணனியிலேயே பீடீஎப் ஆக்கி வையுங்கள். கையெழுத்துக் கொப்பிகளைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்துக்கு ஒரு படமாக எடுத்து வைத்தாலே போதும்.

ஊரவர் வாசிக்கும் முறை

கணனியை ரவுற்றருடன் கம்பியால் இணையுங்கள். கணனியின் முகவரி நாளுக்கு நாள் மாறாதிருக்க, வலையமைப்பு அமைப்பில் ‘தானியங்கி’ என்பதை மாற்றி, ஒரு நிலையான எண்ணைக் கொடுங்கள். உதாரணமாக, ரவுற்றரின் எண் 192.168.1.1 எனில், கணனிக்கு 192.168.1.200 எனக் கொடுக்கலாம். ரவுற்றர் தொலைபேசிகளுக்குத் தானாகப் பங்கிடும் எண்களுக்குள் அது வரக்கூடாது. அந்த எண்ணைப் பெரிதாக எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுங்கள்.

வருபவர் தமது தொலைபேசியை மண்டபத்தின் வைபையுடன் இணைத்து, உலாவியில் அந்த எண்ணை அடித்தால் போதும். இங்குதான் பலர் தடுமாறுவர். இந்த வைபையில் இணையம் இல்லை என்று தொலைபேசி எச்சரிக்கும். இணைப்பிலேயே இருக்கும்படி சொல்லுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் மொபைல் தரவைச் சற்று நிறுத்திவிட்டு முயலச் சொல்லுங்கள்.

பிழை வந்தால், திரையிலுள்ள எண்ணைப் பாருங்கள். 404 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம். 403 என்றால் கோப்பு இருக்கிறது, வாசிக்க அனுமதி இல்லை. கோப்பின் பண்புகளில் ‘மற்றவர்’ வாசிக்கலாம் என மாற்றுங்கள். ஒன்றுமே வராவிட்டால் கம்பியையும் எண்ணையும் பாருங்கள்.

எதை வைப்பது, எதை வைக்கக்கூடாது?

காலபோகம், சிறுபோகப் பயிர் நாட்காட்டி, விதையளவு, பூச்சி நோய்களின் படங்கள், விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்கள், பரீட்சைப் பழைய வினாத்தாள்கள் ஆகியவற்றை வைக்கலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் கிடைக்கின்றன. உங்கள் ஊரைப் பற்றியவற்றைத் தேடிப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் மேலாக, ஊர் முதியவர்களை இருத்தி வைத்து வரைந்த ஊர் வரைபடம், காணிப் பெயர்கள், கிணறுகளின் விபரம், கைவிடப்பட்ட குளம் வாய்க்கால்களின் கதை ஆகியவற்றைச் சேருங்கள். வேறெங்கும் கிடைக்காதவை அவை. அவர்களின் குரலையே பதிவு செய்தும் வைக்கலாம்.

வைக்கக்கூடாதவை எவை? மண்டபத்து வைபையில் சேரும் எவரும் அலுமாரி முழுவதையும் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம் என்பதை ஒருபோதும் மறக்காதீர்கள். ஆகவே காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, வங்கி இலக்கம் ஆகியவற்றின் படங்களை இங்கு வைக்கவே கூடாது. உறுதியின் படம் ஒருவர் கையில் கிடைத்தால், அதைக்கொண்டு என்ன செய்வார் என்று நாம் சொல்ல முடியாது. குடும்பங்களின் பெயர்ப்பட்டியலும், பிள்ளைகளின் படங்களும், யார் எங்கே இருக்கிறார் என்ற விபரமும் அவ்வாறே. ஒரு பெயர்ப்பட்டியல் தவறான கையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனது பையிலும், உறையிலிட்ட தனது பென் டிறைவிலும் வைத்திருக்கட்டும். ஊர்ப் பொதுவானது பெட்டகத்தில், குடும்பத்துக்குரியது குடும்பத்திடம். இதுவே விதி.

பராமரிப்பு

ரவுற்றருடன் வந்த பழைய இரகசியச் சொல்லை மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசி இணையத்தைக் கொடுத்து மென்பொருள்களைப் புதுப்பியுங்கள். கணனியை மின்கம்பியைப் பிடுங்கி நிறுத்தாமல் முறைப்படி நிறுத்துங்கள். இடி மின்னல் வேளையில் கம்பிகளைக் கழற்றி வையுங்கள். எறும்பும் தூசியும் அணுகாதபடி, காற்றோட்டமுள்ள உயரமான இடத்தில் வையுங்கள்.

அலுமாரியின் பிரதியை மாதம் ஒருமுறை இரண்டு பென் டிறைவ்களிலும் எடுங்கள். ஒன்று மண்டபத்தில், மற்றது வேறு கிராமத்தில் உள்ள நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் அங்கேயே சாம்பலாயின. ஒரே பிரதி ஓரிடத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம்.

கிணறு வெட்டுவது ஒரு கிழமை வேலை. அதைத் தூர்வாரிக் காப்பது தலைமுறை வேலை. இதுவும் அப்படித்தான். இயந்திரத்தைவிட, அதைப் பார்த்துக்கொள்ளும் இருவரும், எதை வைப்பது என்று கூடித் தீர்மானிக்கும் ஒரு சிறு குழுவுமே முக்கியம். முதியோர் ஒருவர், பெண்கள் இருவர், இளைஞர் ஒருவர் என்று குழுவை அமையுங்கள்.

கணனி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரின் மூத்தவர் ஒருவரிடம் போய், அவர் உழுத காணிகளின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெட்டகம் பிறகு வரலாம். அதில் வைக்க வேண்டிய பொருளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது.